வைரஸ் புரதத்தின் துண்டும் முழு வடிவமும்: கோமாரி நோய் ஆராய்ச்சி உணர்த்தும் பாடம்

சுவர்ணமுகி ஆற்றங்கரையில், திருமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சந்திரகிரி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்விரு மாவட்டங்களிலும் உழவுத் தொழிலுக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்களைத் தாங்கி நிற்பது கறவை மாடு. புங்கனூர்க் குட்டைப் பசு இப்பகுதிக்கே உரிய இனம். எனினும், இன்று கொட்டில்களில் மிகுதியாகக் காணப்பெறுபவை ஜெர்சி, ஹோல்ஸ்டைன் கலப்பின மாடுகளே. கோமாரி நோய் இக்கலப்பின மாடுகளைக் கடுமையாகத் தாக்கும் இயல்புடையது.

தெலுங்கில் காலிகுண்டு எனப்படும் இந்நோய் கண்ட மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகும். நாக்கிலும், ஈறுகளிலும், குளம்புப் பிளவிலும் கொப்புளங்கள் தோன்றி உடைந்து புண்ணாகும். பால் சட்டெனக் குறையும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. ஆனால் முன்போல் கறப்பதில்லை. இளங்கன்றுகளோ இதயத் தசை கெட்டு மடிகின்றன. இந்நோயைக் கட்டுப்படுத்த 2019ஆம் ஆண்டு மத்திய அரசு தேசியக் கால்நடை நோய்க்கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாடுகளுக்கும் எருமைகளுக்கும் தடுப்பூசி இடுதல் இத்திட்டத்தின் அடிப்படையாகும்.

ஊசி மருந்தைப் பனிக்கட்டி நிறைந்த பெட்டியில் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் பணியாளரின் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. வைரஸின் புரத வரிசை முழுவதும் அறியப்பட்டுவிட்டது. அதில் எப்பகுதி தடுப்பாற்றலைத் தூண்டும் என்பதைக் கணிப்பொறியே கூறும் காலம் இது. அவ்வாறாயின், அப்பகுதியை மட்டும் ஆய்வுக்கூடத்தில் வேதிமுறையில் ஆக்கி, வெயிலுக்கு அஞ்சாத ஊசி மருந்தாகத் தந்தால் என்ன? இவ்வினா புதியதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடை, பனிப்பெட்டியைச் சுமப்பவருக்கும் அறிவியல் கற்பிப்பவருக்கும் ஒருங்கே பயன்படுவது.

வைரஸின் அமைப்பு

கோமாரி நோய்க்குக் காரணம் மிக நுண்ணிய வடிகட்டிகளையும் கடந்து செல்லும் ஒரு பொருள் என்பதை 1898இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃபிராஷ் ஆகிய இருவரும் நிறுவினர். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களுள் முதன்முதலில் அறியப்பட்டது இதுவே. இது ஏழு வகைப்படும். இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூவகைகளே இப்போது கருத்திற்கொள்ள வேண்டியவை. சி வகை இந்நாட்டில் 1995க்குப் பின் காணப்படவில்லை. ஒரு வகைக்கு எதிராகத் தோன்றிய தடுப்பாற்றல் மற்றொரு வகையைத் தடுக்காது. ஆதலால் நம் நாட்டுத் தடுப்பூசியில் மூவகைகளும் சேர்க்கப்படுகின்றன.

வைரஸின் உட்புறம் ஓர் ஆர்.என்.ஏ. இழை, வெளிப்புறம் புரதத்தாலாகிய ஓடு. வி.பி.1, வி.பி.2, வி.பி.3, வி.பி.4 என்னும் நான்கு புரதங்கள், ஒவ்வொன்றும் அறுபது படிகளாக, இவ்வோட்டில் அடுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் வி.பி.1 ஏறத்தாழ 213 அமினோ அமிலங்களைக் கொண்ட சங்கிலி. அதன் 140ஆம் இடத்திலிருந்து 160ஆம் இடம் வரையுள்ள பகுதி, ஓட்டின் மேற்பரப்பில் ஒரு கண்ணிபோல் வெளியே நீண்டு நிற்கிறது. மாட்டின் உயிரணுவை வைரஸ் பற்றிக்கொள்வது இக்கண்ணியைக் கொண்டே. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்னும் மூன்றும் வரிசையாக இக்கண்ணியில் அமைந்துள்ளன. இம்மூன்றே உயிரணுவின் வாயிலைத் திறக்கும் திறவுகோல் எனலாம். திறவுகோலை மூடிவிட்டால் வைரஸ் உட்புக இயலாது. எதிர்ப்பொருள்கள் செய்யும் வேலைகளுள் இதுவும் ஒன்று.

துண்டைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

ஒரு புரதச் சங்கிலியில் எப்பகுதி வெளியே தெரியும், எப்பகுதி உள்ளே மடிந்து மறையும் என்பதை வரிசையைக் கொண்டே ஊகிக்க இயலுமா? இயலும் என்று 1981இல் ஹாப், உட்ஸ் என்னும் இருவர் காட்டினர். நீரை விரும்பும் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். நீரை வெறுப்பவை உள்ளே ஒதுங்கும். மேற்பரப்பில் உள்ளதையே எதிர்ப்பொருள் தொட இயலும். இக்கருத்தின்படி அவர்கள் ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் ஓர் எண் அளித்தனர். நீரை மிக விரும்பும் ஆர்ஜினின், லைசின், அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டமிக் அமிலம் ஆகியவற்றிற்கு +3.0, நீரை மிக வெறுக்கும் டிரிப்டோபானுக்கு −3.4. ஆறு ஆறு அமிலங்களாக எடுத்துச் சராசரி கண்டு, எங்கே சராசரி உயர்கிறதோ அங்கே எதிர்ப்பொருள் பற்றும் இடம் இருக்கக்கூடும் என்றனர். கணிப்பொறி இக்கணக்கை நொடியில் செய்கிறது, தாளிலும் செய்யலாம்.

கோமாரி வைரஸின் ஓ வகையைச் சேர்ந்த ஒரு விகாரத்தில், வி.பி.1இன் 142 முதல் 147 வரையுள்ள ஆறு அமிலங்களை எடுத்துக்கொள்வோம்.

புரோலின் 0.0, அஸ்பராஜின் +0.2, லூசின் −1.8, ஆர்ஜினின் +3.0, கிளைசின் 0.0, அஸ்பார்ட்டிக் அமிலம் +3.0. கூட்டுத்தொகை +4.4. சராசரி +0.73.

அடுத்து, 148 முதல் 153 வரை:

லூசின் −1.8, குளுட்டமின் +0.2, வேலின் −1.5, லூசின் −1.8, அலனின் −0.5, குளுட்டமின் +0.2. கூட்டுத்தொகை −5.2. சராசரி −0.87.

முதல் ஆறும் வெளியே தெரியத்தக்கவை, அடுத்த ஆறும் மறையத்தக்கவை என்பது கணக்கின் முடிவு. உண்மையிலோ இவை அனைத்தும் ஒரே கண்ணியின் பகுதிகள். இரண்டாம் ஆறும் எதிர்ப்பொருள் பற்றும் இடத்தைச் சேர்ந்தவையே. கணக்கு ஒரு வழிகாட்டி. தீர்ப்பு அன்று என்பது இவ்வளவிலேயே விளங்கும். பிற்காலத்துக் கணிப்பொறி முறைகள் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தையும், விலங்கின் உயிரணுக்கள் துண்டுகளை ஏந்திக் காட்டும் முறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் ஊகம் செம்மையுற்றது. ஆயினும் ஊகமாகவே நின்றது.

ஆய்வின் மூன்று படிகள்

தேர்ந்தெடுத்த துண்டு உண்மையில் தடுப்பாற்றலை எழுப்புகிறதா என்பதை மூன்று படிகளில் ஆராய்தல் வேண்டும்.

முதற்படி, பற்றுதல். துண்டை விலங்குக்குச் செலுத்திச் சில வாரங்களுக்குப் பின் அதன் குருதியிலிருந்து ஊநீரைப் பிரித்தெடுப்பர். குழிகள் கொண்ட தட்டில் அதே துண்டைப் படியவைத்து ஊநீரை இடுவர். எதிர்ப்பொருள் இருந்தால் பற்றிக்கொள்ளும். நிறமாற்றம் அதனைக் காட்டும். இதுவே எலிசா எனப்படும் சோதனை. துண்டுக்கு எதிர்ப்பொருள் தோன்றியுள்ளது என்பதை மட்டுமே இது தெரிவிக்கிறது.

இரண்டாம்படி, செயலிழக்கச் செய்தல். ஊநீரைப் பல்வேறு அளவுகளில் நீர்க்கச் செய்து உயிருள்ள வைரஸுடன் கலந்து, வளர்ப்பு உயிரணுக்களின் மீது இடுவர். உயிரணுக்கள் அழியாதிருந்தால் எதிர்ப்பொருள் வைரஸைச் செயலிழக்கச் செய்தது எனக் கொள்ளலாம். துண்டைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் யாவும் வைரஸைத் தடுப்பதில்லை. இதனோடு டி-உயிரணுக்களின் எழுச்சியையும் அளப்பர். எதிர்ப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்களுக்கு டி-உயிரணுக்களின் துணை இன்றியமையாதது.

மூன்றாம்படி, காத்தல். ஊசி இடப்பட்ட விலங்கிற்கும் இடப்படாத விலங்கிற்கும் உயர்காப்புக் கூடத்தில் நோய்க்கிருமியைச் செலுத்தி, எது நோயுறுகிறது எனக் காண்பர். உழவருக்கு வேண்டிய விடை இம்மூன்றாம் படியில்தான் கிடைக்கிறது. முதற்படியின் வெற்றியை மூன்றாம் படியின் வெற்றியாகக் கருதுவதே இத்துறையில் நேரும் பெரும் பிழை.

எழுந்த நம்பிக்கை

1982ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சியில் குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியில் ஸ்ட்ரோமையர் முதலியோர், வி.பி.1 புரதத்தை வெட்டி, தடுப்பாற்றலைத் தூண்டும் பகுதிகளின் இடத்தை வரையறுத்தனர். அந்நாட்டிலேயே ஃபாஃப் முதலியோர் முன்கூட்டித் தேர்ந்த ஒரு துண்டைக் கொண்டு, வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளைப் பெற்றனர். அமெரிக்காவில் லெர்னர் குழுவினரும் இங்கிலாந்தில் பிரவுன் குழுவினரும் இணைந்து, வைரஸின் மரபு வரிசையிலிருந்து அறிந்த பல துண்டுகளை வேதிமுறையில் ஆக்கினர். சிறு துண்டு தனித்துச் சென்றால் உடல் அதனைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும் என்பதால் பெரிய புரதம் ஒன்றுடன் பிணைத்துச் செலுத்தினர். 141 முதல் 160 வரையுள்ள துண்டு, ஒரே முறை செலுத்திய அளவில், கினிப்பன்றிகளை நோயினின்று காத்தது.

உயிருள்ள வைரஸ் சிறிதும் தேவைப்படாத தடுப்பூசி என்னும் கருத்து உலகெங்கும் வரவேற்கப்பட்டது. முழு வைரஸ் தடுப்பூசிக்கு முதலில் உயிருள்ள கிருமியைப் பெருமளவில் வளர்த்துப் பின் கொல்ல வேண்டும். கொல்லும் முறையில் குறை நேர்ந்தால் மருந்தே நோயைப் பரப்பும். ஐரோப்பாவில் அவ்வாறு நேர்ந்ததும் உண்டு. துண்டிலோ அவ்வச்சமே இல்லை. 1986இல் டிமார்க்கி முதலியோர், 200 முதல் 213 வரையுள்ள துண்டையும் 141 முதல் 158 வரையுள்ள துண்டையும் ஒன்றாகக் கோத்து மாடுகளுக்கே செலுத்திச் சில மாடுகளில் நோய் தடுக்கப்பட்டதைக் காட்டினர்.

பெரும் ஆய்வின் தீர்ப்பு

ஆய்வுக்கூடத்தில் சில விலங்குகளில் கண்ட வெற்றி, பல விலங்குகளிலும் நிலைக்குமா என்பது அடுத்த வினா. 1997இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. அர்ஜென்டினாவில் டபோகா முதலியோர் 138 மாடுகளைக் கொண்டு நால்வகைத் துண்டுகளைச் சோதித்தனர். கண்ணித் துண்டு தனியாகவும், புரதத்தின் கடைப்பகுதியுடன் சேர்த்தும், டி-உயிரணுக்களைத் தூண்டும் பகுதியுடன் சேர்த்தும், மூன்றும் ஒருங்கே கோத்தும் செலுத்தப்பட்டன. அளவுகளும் தவணைகளும் மாற்றிப் பார்க்கப்பட்டன. எத்துண்டும் 40 விழுக்காட்டிற்கு மேல் மாடுகளைக் காக்கவில்லை. ஊநீரில் வைரஸைத் தடுக்கும் ஆற்றல் கண்ட மாடுகளிலும் சில நோயுற்றன. இரண்டாம் படியின் அளவு மூன்றாம் படியின் விடையை ஓரளவே முன்னறிவித்தது.

அதனினும் கவனிக்கத்தக்கது மற்றொன்று. ஊசி இடப்பட்டும் நோயுற்ற மாடுகளின் புண்களிலிருந்து 29 மாதிரிகள் ஆராயப்பட்டன. அவற்றுள் 12இல் இருந்த வைரஸ், கண்ணிப் பகுதியில் அமினோ அமிலம் மாறிய வைரஸாகும். எதிர்ப்பொருள் குறிவைத்த இடத்தையே வைரஸ் மாற்றிக்கொண்டு தப்பியது.

காரணங்கள்

முதற்காரணம், வடிவம். எதிர்ப்பொருள் அமினோ அமிலங்களின் வரிசையைப் படிப்பதில்லை. அவை மடிந்து நிற்கும் உருவத்தைத் தொட்டறிகிறது. 1989இல் ஆச்சாரியா முதலியோர் வைரஸின் படிக அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தபோது, இக்கண்ணி ஓரிடத்தில் நிலைகொள்ளாது அசையும் தன்மையால் தெளிவாகப் புலப்படவில்லை. தனித்துண்டும் அசையும் இழையே. ஆதலால் சில எதிர்ப்பொருள்கள் இரண்டையும் பற்றின. ஆனால் ஓட்டின் மீது வெவ்வேறு புரதங்கள் அருகருகே வந்து கூடி அமைக்கும் இடங்களும் உள்ளன. அவற்றைத் தனித்துண்டு எதுவும் காட்ட இயலாது.

இரண்டாம் காரணம், ஓரிடத்தையே நம்பியிருத்தல். முழு வைரஸைக் கண்ட மாடு பல இடங்களுக்கு எதிர்ப்பொருள் ஆக்குகிறது. ஓரிடம் மாறினாலும் மற்றவை காக்கும். துண்டை மட்டும் கண்ட மாட்டிற்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு வாயிலை மட்டும் காவல் செய்யும் கோட்டை எத்தகையதோ, அத்தகையது இது.

மூன்றாம் காரணம், மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாடு. துண்டுகளை ஏந்தி டி-உயிரணுக்களுக்குக் காட்டும் மூலக்கூறுகள் மரபுவழி அமைபவை. எல்லா மாடுகளிலும் ஒரே வகையில் இரா. ஒரு மாட்டின் மூலக்கூறு ஏந்தும் துண்டை மற்றொன்றின் மூலக்கூறு ஏந்தாது. ஒரு தெருவிலேயே புங்கனூர்ப் பசுவும், ஜெர்சிக் கலப்பும், முர்ரா எருமையும் இருக்கக் காணும் பணியாளருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இவற்றால் துண்டுத் தடுப்பூசி முழுவதும் கைவிடப்பட்டதாகக் கொள்ளலாகாது. சீனாவில் பன்றிகளுக்கு இத்தகைய மருந்துகள் விற்பனைக்கு வந்து பயன்பட்டுள்ளன. ஆயினும் இந்தியாவில் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் இடப்படுவது, வளர்ப்பு உயிரணுக்களில் வளர்த்துக் கொல்லப்பட்ட முழு வைரஸே.

பனிப்பெட்டியின் பொருள்

கொல்லப்பட்ட வைரஸுக்குக் குளிர்ச்சி எதற்கு என்று வினவுவோர் உண்டு. இதற்கும் விடை வடிவத்தில் உள்ளது. முழு வைரஸ் துகள், மையவிலக்குப் பொறியில் அடியிறங்கும் வேகத்தால் 146 எஸ் எனப்படுகிறது. வெப்பம் தாக்கினால் இத்துகள் பன்னிரண்டு பகுதிகளாக உடைகிறது. அப்பகுதிகள் 12 எஸ் எனப்படும். உடைந்த பகுதிகளில் வி.பி.1, வி.பி.2, வி.பி.3 ஆகிய புரதங்கள் அப்படியே உள்ளன. எனினும் அவை எழுப்பும் தடுப்பாற்றல் மிகக் குறைவு. பொருள் இருந்தும் உருவம் போயிற்று. மூவகைகளுள் ஓ வகைத் துகள் எளிதில் உடையும் இயல்புடையது. இந்தியாவில் மிகுதியாக நோய் விளைவிப்பதும் அவ்வகையே.

ஆகவே வெயிலில் கிடந்த மருந்துப் புட்டி, ஆய்வாளர் பெருமுயற்சியுடன் ஆக்கியும் மாட்டைக் காக்காத துண்டுகளைப் போன்றதே. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நிறம் மாறாது, மணம் மாறாது. ஊசி இட்ட கணக்கு ஏட்டில் ஏறும். மாட்டின் உடலில் காப்பு ஏறாது. மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் காத்தலும், உறைய விடாதிருத்தலும், திறந்த புட்டியை மறுநாளைக்கு வைக்காதிருத்தலும் வெறும் விதிகளல்ல. வைரஸ் ஓட்டின் உருவத்தைக் காக்கும் செயல்களாகும்.

துண்டுகளின் வேறு பயன்

மாட்டைக் காப்பதில் தோற்ற துண்டு, நோயைக் கண்டறிவதில் பயன்பட்டது. வைரஸ் உயிரணுவுக்குள் பெருகும்போது, ஓட்டில் சேராத சில புரதங்களையும் ஆக்குகிறது. தடுப்பூசி மருந்தைத் தூய்மை செய்யும்போது இவை நீக்கப்படுகின்றன. எனவே ஊசி மட்டும் பெற்ற மாட்டின் ஊநீரில் இப்புரதங்களுக்கு எதிர்ப்பொருள் பொதுவாக இராது. நோயுற்ற மாட்டில் இருக்கும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கோமாரி நோய் ஆய்வாளர்கள், 3ஏபி3 என்னும் புரதப் பகுதியைக் கொண்டு இதற்கெனச் சோதனை ஒன்றை அமைத்தனர். பிற நாடுகளில் 3பி புரதத்தின் வேதிமுறைத் துண்டைக் கொண்ட சோதனைகளும் உள்ளன. இங்கே வேண்டுவது முதற்படியாகிய பற்றுதல் மட்டுமே. ஆதலின் துண்டே போதுமானது. கருவி ஒன்றே, அதனிடம் கேட்கும் வினா மாறியது.

களப்பணியாளர் கருத்திற்கொள்ள வேண்டியவை

தடுப்பூசி இடுவதற்கு முன்பும், இட்டபின் 28 நாள் அளவிலும் சில மாடுகளின் குருதி எடுக்கப்படுகிறது. இவ்விரு மாதிரிகளும் ஒரே மாட்டினுடையவாக இருத்தல் வேண்டும். காதுவில்லையின் எண்ணைச் சரிபார்த்து எழுதாவிடின் ஒப்பிடுதல் பொருளற்றதாகும். எளிதில் பிடிபடும் மாடுகளிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தல் ஆகாது. கன்று, கறவை, எருமை எனப் பலவற்றிலிருந்தும் எடுத்தால்தான் ஊரின் நிலை தெரியும். இரண்டாம் மாதிரியில் எதிர்ப்பொருள் உயரவில்லையெனில், மருந்தை மட்டும் குறை கூறாமல், அது வந்த வழியையும் குளிர்ச்சி காக்கப்பட்டதையும் முதலில் ஆராய்தல் நன்று. எதிர்ப்பொருள் உயர்ந்திருந்தாலும் அடுத்த தவணையைத் தவறவிடலாகாது, அவ்வுயர்வு நிலையானதன்று.

ஆசிரியருக்கு

மாணவர்களை 153 முதல் 158 வரையுள்ள பகுதிக்குச் சராசரி காணச் செய்யலாம். அமிலங்கள் முறையே குளுட்டமின், லைசின், வேலின், அலனின், ஆர்ஜினின், திரியோனின். திரியோனினுக்கு −0.4 என்று கொள்க. விடை +0.63. பின்னர்க் கீழ்வரும் வினாக்களை எழுப்புக.

1. சராசரி உயர்ந்த பகுதி தடுப்பூசியாகப் பயன்படும் என்று இக்கணக்கைக் கொண்டே கூறலாமா? கூடாதெனில், இன்னும் எவ்வெச் சோதனைகள் வேண்டும்?

2. கினிப்பன்றியில் கண்ட முடிவை மாட்டிற்கு ஏற்றிக் கூறுவதில் உள்ள இடர் யாது?

3. 146 எஸ் துகளிலும் 12 எஸ் பகுதியிலும் வி.பி.1, வி.பி.2, வி.பி.3 ஆகிய அதே புரதங்கள் உள்ளன. தடுப்பாற்றல் வேறுபடுவது ஏன்?

இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறவல்ல மாணவன், கணிப்பொறியின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறிந்தவனாவான். எங்கே தேட வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லும். காப்பு உண்டா இல்லையா என்பதை மாடுதான் சொல்லும்.